திருத்தாத படம்

டாக்டரின் மேசையில் என் மனைவியின் பத்து முகங்களை வருட வரிசையில் பரப்பினேன். வருடம் தவறாமல் கல்யாண நாளன்று என் ஸ்டூடியோவில் நானே எடுத்த படங்கள். அவளுடைய கீழ்த்தாடையில், வலது பக்கம் ஒரு வீக்கம். வலி கிடையாது. பல் டாக்டர் தடவிப் பார்த்து எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் துளி எடுத்துச் சோதனைக்கும் அனுப்பினார். புற்றுநோய் இல்லை, வெறும் எலும்புக் கட்டிதான் என்று முடிவு வந்த அன்று நான் கடையை மூடிவிட்டு ஒரு மூச்சு அழுதேன். இனிமேல் இந்த அறுவை சிகிச்சை டாக்டரின் பொறுப்பு. மெதுவாக வளரும் கட்டி என்றால் வாய்க்குள்ளிருந்தே சுரண்டி எடுத்துவிடலாமாம். வேகமாக வளர்கிறது என்றால் தாடையில் ஒரு துண்டையே வெட்டிவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டுமாம். பழைய போட்டோ இருந்தால் கொண்டுவரச் சொன்னார். போட்டோவுக்கா பஞ்சம் என்று மார்தட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

டாக்டர் ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அந்த அம்மாள் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"போன வருஷம் வரைக்கும் தாடை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. அப்போ ஒரே வருஷத்துல இவ்வளவு வளர்ந்திருக்கு."

யாருக்கும் முகம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. என் கடைக்கு வந்தால் மட்டும் இருக்கும். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்ததுமே என் கை பரபரக்கும். மேடு பள்ளத்தைச் சமன் செய்து, அதன் மேலேயே சேமித்துவிடுவேன், அசல் மிஞ்சாது. கண் பார்ப்பதற்குள் கை முடித்திருக்கும். அந்த வீக்கத்தை எத்தனை வருடமாக வழித்துக்கொண்டிருந்தேனோ, எனக்கே தெரியாது. அவள் பக்கத்தில் இருக்கும்போதே அதைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ கைப்பையைக் குடைந்து, அடையாளச் சான்றுக்காகக் கொண்டுவந்த பாஸ்போர்ட்டை எடுத்தாள். நான்கு வருடத்துக்கு முன் எடுத்த படம் அதில் இருந்தது. திருத்தினால் ஆபீஸில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு எடுத்துக் கொடுத்த ஒரே படம். பிசாசு மாதிரி இருக்கிறேன் என்று அப்போது அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

"இதுல இவர் கை படல, பாருங்க டாக்டர்."

வலது தாடை ஓரத்தில் மேடு இருந்தது. டாக்டர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்கேனிலும் கட்டியின் விளிம்பு தெளிவாக இருக்கிறது, சுரண்டினால் போதும் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்ததும் அவள் கேட்டாள்.

"என் மூஞ்சில இன்னும் என்னெல்லாம் மாத்தியிருக்கீங்க?"

மூக்கு என்றேன். வீடு வரைக்கும் அவள் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். முகத்தில் தழும்பு இல்லை. ஆனால் கட்டியை ஒட்டி ஓடிய நரம்பு அடிபட்டதில் கீழுதட்டின் வலது பாதி மரத்துப்போனது. தண்ணீர் குடித்தால் ஒழுகுவது அவளுக்குத் தெரிவதில்லை. சில மாதங்களில் உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். தினமும் காலையில் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, உதட்டைப் பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்பேன். இரண்டு மாதமாக ஒரே பதில்தான், இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் என் முகம் எப்படிப் போனதோ, அவளுக்குத்தான் தெரியும்.

இன்று ஜன்னலோர நாற்காலியில் கண்ணை மூடி முகத்தை நிமிர்த்திக்கொண்டாள். நான் பஞ்சைத் திரித்து நீட்டினேன்.

"தெரியுதுங்க. லேசா, ஓரத்துல."

பஞ்சு இன்னும் அவள் உதட்டுக்கு ஒரு விரல்கடை தள்ளி இருந்தது.

"சரியா சொன்னே," என்றேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். கீழுதட்டின் வலது ஓரத்தில் எச்சில் கசிந்தது அவளுக்குத் தெரியவில்லை.