மிர்தாஸின் மகன்

கருவேலங்காய்த் தண்ணீரில் மூன்று நாள் ஊறிய ஆட்டுத்தோலைக் கைலா தூக்கிப் பிழிந்துகொண்டிருந்தபோது கொழுந்தன் கிர்வாஷ் முற்றத்துக்குள் வந்து நின்றான். வந்ததும் தலைப்பாகை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டான். மக்காவில் பாதிப் பேர் தண்ணீர் குடிப்பது அவள் தைத்த தோற்பையில்தான். ஆனாலும் இந்த முற்றத்துக்கு வந்தால்தான் எல்லோருக்கும் மூக்கு இருப்பது ஞாபகம் வரும்.

"மதினி, பெரியவங்க பேசி முடிச்சுட்டாங்க. நாளைக்குக் காலையில ஹுபல் மேல கைய வச்சு, பழைய வழிக்கே வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. இல்லேன்னா உன் மகனுக்கு அம்பு எடுக்கப்போறோம்."

தோல் அவள் கையிலிருந்து வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது.

ஒருவனின் பிறப்பில் சந்தேகம் வந்தால் கஅபாவுக்குள் நிற்கும் ஹுபல் சிலையின் முன் அம்பு எடுப்பார்கள். மூன்று அம்புகள். ஒன்று 'உங்களில் ஒருவன்' என்னும். இன்னொன்று 'அயலான்' என்னும். மூன்றாவதுதான் பொல்லாதது, 'ஒட்டிக்கொண்டவன்'. அது வந்தால் அவனுக்குக் குலமில்லை, பெண் கொடுக்க ஆளில்லை, நடுத்தெருவில் வெட்டிப் போட்டாலும் ஏனென்று கேட்க நாதியில்லை. இந்த மாதக் கடைசியில் மகன் நவ்ஃபலுக்குக் கல்யாணம் வேறு.

கைலா தாயிஃபிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். கல்யாணமாகி எட்டு மாதம் முடியுமுன் பிள்ளை பிறந்துவிட்டது. ஊர் விரல் மடக்கி எண்ணத்தான் செய்தது. அவள் புருஷன் மிர்தாஸ் ஒரு பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் வாயில் தடவி, "என் மகன்" என்று வாசலில் நின்று சத்தமாகச் சொன்னான். அத்தனை வாயும் கப்சிப். அவன் செத்த பிறகும் மூடித்தான் கிடந்தன. நபியவர்கள் ஓதிய வசனங்களைக் கேட்டு மனம் மாறிய கைலா, கல்லும் கட்டையும் கடவுளில்லை என்று சந்தையில் நின்று சொன்னாள் பாருங்கள், அன்றைக்குத்தான் எல்லோருக்கும் அந்த எட்டு மாதக் கணக்கு ஞாபகம் வந்தது. இருபது வருடம் தூங்கிய மானம் திடுக்கென்று விழித்துக்கொண்டதாம்!

"உன் அண்ணன் இருந்தா இதை அவர் முகத்துக்கு நேரா சொல்லியிருப்பியா கிர்வாஷ்?" என்றாள்.

"அண்ணன் இல்லையே," என்றான் அவன். போய்விட்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம் நின்று நவ்ஃபல் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவன் தாயின் வழிக்கு வந்தவனும் இல்லை, அவளைத் தடுத்தவனும் இல்லை. கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் போதும் அவனுக்கு.

"உம்மா, வாயால ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்? மனசுக்குள்ள உங்க இறைவனையே வச்சுக்கோங்க. யார் பாக்கப்போறா?"

"உனக்கும் சந்தேகமாடா?"

அவன் தொட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த ரோமத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். ஊரெல்லாம் சேர்ந்து ஏசியது கைலாவுக்கு வலிக்கவில்லை, இதுதான் வலித்தது. சொல்லித் தொலைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் அவளும் நினைத்தாள். பெற்ற பிள்ளை அல்லவா.

மறுநாள் காலை கஅபாவின் வாசலில் குலமே கூடிவிட்டது. வேடிக்கை என்றால் நம் ஆட்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பலியிட ஒட்டகம் வந்து மண்டியிட்டிருந்தது. கைலா தோல் சாயம் படிந்த கைகளை மறைக்காமல் நின்றாள்.

"சொல்றியா மதினி?" என்று கேட்டான் கிர்வாஷ்.

"மாட்டேன்."

உள்ளே அம்புக்காரக் கிழவர் மூன்றையும் அம்புக்கூட்டிற்குள் போட்டுக் குலுக்கினார். நவ்ஃபல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். கிழவர் கண்ணை மூடி ஒன்றை உருவி, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, அதிலிருந்த எழுத்தைப் படித்தார்.

"உங்களில் ஒருவன்!"

வாசலே அதிர்ந்தது. நேற்றுவரை முகம் திருப்பியவர்கள் நவ்ஃபலைக் கட்டிக்கொண்டார்கள். கல்யாணப் பெண்ணின் தகப்பன் ஓடிவந்து தோளில் தட்டினார். நவ்ஃபல் சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பினான். கிர்வாஷ் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை, ஆனால் அவனும் சுதாரித்துக்கொண்டான்.

"பாத்தியா மதினி? நீ திட்டின ஹுபல்தான் உன் மானத்தைக் காப்பாத்தியிருக்கார்."

"நன்றி சொல்லும்மா," என்றார் கிழவர், கனிவாகத்தான். "ஒண்ணும் பேசாட்டியும் பரவாயில்ல. தலையை ஆட்டிட்டு வீட்டுக்குப் போ."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு தலையாட்டல். மகனுக்குப் பெயரும் பெண்ணும் கிடைத்துவிடும். நவ்ஃபல் கூட்டத்துக்கு நடுவிலிருந்து அவளையே பார்த்தான். கண்ணாலேயே கெஞ்சினான்.

"அந்த அம்பைக் கூட்டுக்குள்ளயே போடுங்க பெரியவரே," என்றாள் கைலா. "கூட்டைத் திரும்பக் குலுக்குங்க. வேற ஒண்ணு வந்தா அப்ப என் மகன் யாரு? இருபது வருஷத்துக்கு முன்னாலயே என் புருஷன் வாசல்ல நின்னு சொன்னார், நானும் சொன்னேன், நீங்க நம்பல. இப்ப ஒரு குச்சி சொல்லுதுன்னு நம்புறீங்க. இந்தச் சாட்சி எனக்கு வேண்டாம். மூணாவது அம்பு வந்திருந்தாலும் இவன் மிர்தாஸோட மகன்தான். படைச்சவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

"வாயை மூடுங்க உம்மா!" என்று கத்தினான் நவ்ஃபல்.

"உன்னைப் பெத்தவ நான், நான் எதுக்குடா வாயை மூடணும்?"

முதல் பிடி மண்ணைக் கிர்வாஷ்தான் அள்ளி வீசினான். அப்புறம் யார் யாரோ. கண்ணிலும் வாயிலும் கூந்தலிலும் மண். அவள் கையை உயர்த்தித் தடுக்கவில்லை, ஓடவும் இல்லை. படியிறங்கி, வெயிலில் பத்தடி நடந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ கிடக்கட்டும் விடுங்க," என்றார் பெண்ணின் தகப்பன். "மாப்பிள்ளை, வாங்க. அறுத்துட்டா பேரு உறுதியாயிடும்."

ஒட்டகத்தின் கழுத்தில் கத்தி வைக்க வேண்டியது நவ்ஃபல்தான். கத்தியைக் கையில் கொடுத்தார்கள். அவன் அதையும் வெயிலில் உட்கார்ந்திருந்த தாயையும் பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தான்.

தாயின் பின்னால் வந்து குந்தினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் தீரவில்லை, மூச்சு புஸ்புஸ்ஸென்று வந்தது. அவள் தலைத்துணியை விலக்கி, கூந்தலில் சிக்கியிருந்த மண்ணை விரலால் உதிர்க்க ஆரம்பித்தான்.

"மிர்தாஸின் மகனே!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். அந்த எட்டு மாதக் கணக்கு கிளம்பிய பிறகு ஊரறிய அவனை அப்படிக் கூப்பிடுவது அதுதான் முதல்முறை.

"மிர்தாஸின் மகன் நவ்ஃபலே! ஒட்டகம் காத்திருக்கு!"

அவன் ஒரு சிறு கல்லை அவள் முடியிலிருந்து எடுத்துக் கீழே போட்டான். அடுத்ததைத் தேடினான்.