அவன் வாயைப் பார்த்துப் பாடியவள்

ராய்ஸ் டென்டன் தன் வாழ்நாள் பாட்டுகளையெல்லாம் ஒரே பெட்டியில் அடைத்து வெளியிடப்போகிறான் என்ற சேதி கலிபோர்னியாவில் எங்கள் ஊரான ஆயில்டேலில் எனக்கு முன்னாலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் சமையல் பார்க்கிற கடைக்குக் காலையில் பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் சாப்பிட வரும் லாரிக்காரர்கள் கல்யாணச் சேதி மாதிரி வந்து சொன்னார்கள். கன்ட்ரி இசையையும் ராக்கையும் குழைத்து அவன் போட்ட மெட்டுகளைக் கேட்டுத்தான் லாஸ் ஏஞ்சலஸில் பாதிப் பேர் கிடாரையே தொட்டார்கள் என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். எழுதட்டும். அந்தப் பாட்டுகளில் அவனோடு சேர்ந்து பாடுகிற பெண் யார் என்று மட்டும் ஒருத்தரும் எழுதியதில்லை. அது நான்தான், லவீனா ப்ரூயிட்.

எங்களுக்கு எப்போதும் ஒரே மைக். முதலில் காசில்லாமல் அப்படிப் பாடினோம். காசு வந்த பிறகும் ராய்ஸ் மாற்ற விடவில்லை. அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், மூக்கும் மூக்கும் இடிக்காத குறை. அவன் ஒரு பாட்டை இரண்டு தடவை ஒரே மாதிரி பாடமாட்டான். இன்றைக்கு இழுக்கிற வரியை நாளைக்குப் பாதியில் விழுங்குவான். அதனால் நான் எதையும் மனப்பாடம் செய்ததில்லை. அவன் உதட்டைப் பார்ப்பேன், அது திறக்கும்போது நானும் திறப்பேன். என் வித்தை அவ்வளவுதான். "உதட்டைப் பார்த்ததோட நிறுத்திக்கிட்டியே, அதுவரைக்கும் எனக்கு லாபம்" என்பார் என் கணவர் ஆர்விட்.

இசைத்தட்டில் எங்கள் இரண்டு குரலும் பின்னிக் கிடக்கும். எந்த இழை யாருடையது என்று பிரிக்க முடியாது. மதுக்கடைகளில் எங்கள் பாட்டைப் பாடுகிறவர்கள் எல்லோரும் என் பாகத்தைத் தப்பாகத்தான் பாடுவார்கள். எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு.

போனில் ராய்ஸ் குழைந்தான்.

"லவி, பழைய டேப்பெல்லாம் பழைய கம்பெனிக்காரன் கையில இருக்கு. தரமாட்டேங்கிறான். எல்லாத்தையும் புதுசாப் பாடிடலாம்னு இருக்கேன்."

"இந்த வயசுலயா? மூச்சு நிக்குமாடா உனக்கு?"

"நீ வந்தா நிக்கும். உன் குரல் இல்லாம பெட்டியே இல்ல. இந்தத் தடவை அட்டையில என் பேருக்குக் கீழ உன் பேரு. சத்தியமாச் சொல்றேன்."

நான் கேட்காமலே சொன்னான். அங்கேதான் விழுந்தேன். அவனுடைய பழைய அட்டைகளில் ஸ்டீல் கிடார்க்காரன் பெயர் இருக்கும், சாப்பாடு கொண்டுவந்தவன் பெயர் இருக்கும், ஒன்றில் அவன் நாய்க்குக்கூட நன்றி சொல்லியிருப்பான். "நாம ரெண்டு பேரும் ஒரே குரல்தானே லவி, தனியா எதுக்குப் பேரு?" என்பான். நானும் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டியிருக்கிறேன். இப்போது, கடைசிக் காலத்தில், என் பெயர் அச்சில் வரப்போகிறது. கடையில் சொன்னேன், தேவாலயத்தில் சொன்னேன், முடி வெட்டுகிற ஒயட்டாவிடம் சொன்னேன். ஒயட்டாவிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

ஸ்டூடியோவில் மைக்குக்கு அந்தப் பக்கம் ஆளில்லை. ராய்ஸ் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய புது மனைவி ஷெல்பி. அவன் மகளாக இருக்கலாம், அந்த வயசு.

"இப்பல்லாம் தனித்தனியாத்தான் எடுக்கிறாங்க லவி. நான் சும்மா பாடி வச்சிருக்கேன், காதுல கேட்டுக்கிட்டே நீ பாடு."

காதில் குரல் வந்தது. உதடு வரவில்லை. தட்டுத் தடுமாறி ஒவ்வொரு பாட்டாகப் பாடி முடித்தேன். 'காய்ந்த ஆறு' எங்கள் கெர்ன் ஆற்றைப் பற்றியது. அவனை நாடெங்கும் கொண்டுபோன பாட்டு. அதன் கடைசி அடியில் வழக்கம்போல அவன் வாய்க்காகக் காத்திருந்துவிட்டேன். வரியின் தலை போய்விட்டது, வாலைத்தான் பிடித்தேன்.

"தப்பாயிடுச்சு. இன்னொரு தடவை எடுக்கலாம்."

"வேண்டாம் லவி, தங்கமா இருக்கு."

கண்ணாடிக்குப் பின்னால் ஷெல்பியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பாட்டென்றால் உயிர் போலிருக்கிறது, நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எப்போதும் புத்தி பின்னால்தான் வரும்.

வெளியீட்டு விழாவுக்கு முதல் நாள் பெட்டி தபாலில் வந்தது. ஆர்விட்டின் வண்டியில்தான் சிடி ஓடும். இரண்டு பேரும் வாசலிலேயே வண்டியில் உட்கார்ந்து கேட்டோம்.

"என்னடி, குரல்ல பாதி வயசு காணோம்! அந்த ஸ்டூடியோ மெஷின்ல என்னையும் ஒரு தடவை போட்டு எடுக்கச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குரல் என்னுடையது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. 'காய்ந்த ஆறு' வந்தது. கடைசி அடியில் அந்தப் பெண் வரியின் தலையை விட்டுவிட்டு வாலைப் பிடித்தாள். எனக்கு உயிர் வந்தது.

"நான்தான்! அது என் தப்பு, ஆர்விட். நான்தான் பாடுறேன்!"

ஆர்விட் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"லவீனா, இதுல ஷெல்பி டென்டன்னு போட்டிருக்கு. எல்லாப் பாட்டுக்கும்."

அச்சுப்பிழையாக இருக்கும் என்றேன். ராத்திரி முழுக்க எனக்கு நானே அதையே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் ரயில் பாதையோரத்து நடனக் கூடத்தில் ஊரே கூடியிருந்தது. ஷெல்பி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"உங்க டேப்பை ராத்திரி பகலாக் கேட்டேன் லவீனாம்மா! பழைய ரெக்கார்டுல உங்க குரலைத் தனியாப் பிடிக்கவே முடியல, அதான் ராய்ஸ் உங்களை வரவழைச்சார். 'காய்ந்த ஆறு' கடைசியில ஒரு இடத்துல தாமதமா வர்றீங்களே, என்ன அழகு! அதை அப்படியே எடுத்துக்கிட்டேன்."

அவள் கண்ணில் கள்ளமே இல்லை. அவள்தான் பாடப்போகிறாள் என்பது எனக்கு முன்பே தெரியும் என்று ராய்ஸ் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறான். அவளை என்ன திட்டுவது? என் குரலை என் கையாலேயே பிரித்தெடுத்துத் தரச்சொல்லி, நான் தந்ததை வாங்கிக்கொண்டு, என்னை வெளியே தள்ளிவிட்டான்.

மேடையிலிருந்து ராய்ஸ் பார்த்துவிட்டான். "அதோ என் லவி! மேலே வா. ஒரே மைக், அந்தக் காலம் மாதிரி!"

கூட்டம் கைதட்டித் தள்ளியது. ஏறினேன். மூக்குக்கு மூக்கு நின்றோம். அவன் 'காய்ந்த ஆறு' தொடங்கினான். வரியை இழுத்தான். உதடு திறக்கப்போகும் இடம் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. திறந்தது. நான் என் வாயை இறுக மூடிக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தனியாக விடப்பட்ட அவன் குரல் கிழடு தட்டி நடுங்கியது. அடுத்த வரியில் அவன் என் உதட்டைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் என் உதட்டைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் திறக்கவில்லை. அவனுக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான் சிரித்தான். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு மைக்கில் சொன்னான்: "பாவம், வயசாயிடுச்சு. வரி மறந்துபோச்சு லவிக்கு. ஷெல்பி, நீ வாம்மா."

கூட்டம் உச்சுக்கொட்டியது. கீழே ஒயட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவன் கையை எடுத்துவிட்டு இறங்கினேன். ஒவ்வொருவராக என் முதுகைத் தட்டி வழிவிட்டார்கள்.

வெளியே ஆர்விட் வண்டிக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"உனக்கு வரி மறக்காது."

"உங்களுக்குத் தெரியுது."

வண்டி கிளம்புவதற்குள் உள்ளே பாட்டு கடைசி அடிக்கு வந்துவிட்டது. ராய்ஸ் வரியைத் தொடங்கினான். ஷெல்பி தலையை விட்டுவிட்டு வாலைப் பிடித்தாள், நான் தடுமாறிய அதே இடத்தில். ஊரே எழுந்து நின்று கைதட்டுகிற சத்தம் கேட்டது.