நாலு விரல் இடம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஆறு வருஷம் நடையில்தான் நின்றது. சமையலறையில் அதற்கு நாலு விரல் இடம் போதவில்லை. வருகிறவர்கள் எல்லாம் அதில் தோளை இடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். "ஒரு தக்காளி எடுக்கவே பயணம் போக வேண்டியிருக்கு" என்று என் மனைவி வாரத்துக்கு ஒரு முறையாவது குத்திக்காட்டுவாள். ஒரு நாள் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கொத்தனாரைக் கூப்பிடலாம் என்று அவள் சொல்லத்தான் செய்தாள். அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா என்றேன். அலுவலகத்தில் இருபது வருஷமாகக் காகிதத்தில் முத்திரை குத்துகிறவன் நான். போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டுச் சுத்தியலைக் கையில் எடுத்ததும் பெரிய எஞ்சினியர் ஆகிவிட்டேன்.

எங்கள் கட்டிடத்தில் கீழே கடைகள், நடுவில் தையல் அக்கா, உச்சியில் நாங்கள். சமையலறை மூலையில் தரையிலிருந்து கூரைவரை ஒரு சதுரத் தூண் இருந்தது. தட்டினால் உள்ளே காலி என்று தெரிந்தது. "கட்டினவன் நம்ம இடத்தைத் திருடி வச்சிருக்கான் பாரு" என்றேன் மனைவியிடம்.

இரண்டு சனிக்கிழமை உடைத்தேன். உள்ளே கரி அப்பியிருந்தது. தரையில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை, கூரையிலும் அப்படியே ஒன்று. கீழ் ஓட்டைக்கு மேலே கையை நீட்டினேன். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. கரப்பான் ஏறி வருகிற வழி இதுதான் என்று முடிவுகட்டி, இரண்டையும் பலகை வைத்து அடைத்து, மேலே கெட்டியாகச் சிமெண்ட் பூசினேன். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். டைல்ஸ் வெள்ளையா சாம்பலா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஃப்ரிட்ஜ் அளவெடுத்துச் செய்ததுபோல் மூலையில் உட்கார்ந்தது. மனைவி அதன் கதவைத் திறந்து திறந்து மூடினாள். அந்தச் சந்தோஷத்தில் ஜன்னலுக்குப் புதுத் திரை தைக்கச் சொல்லி அக்காவிடம் துணியும் கொடுத்துவிட்டு வந்தாள்.

அக்கா தனியாக இருந்தாள். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். குளிர்காலம் வந்துவிட்டால் அக்கா ஜன்னல் இடுக்குகளையெல்லாம் துணியால் அடைத்துவிட்டு, சமையலறையில் கேஸ் ஹீட்டரை ஏற்றிவைத்து, அதன் பக்கத்திலேயே மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். திரைத்துணி கொடுத்த மறுவாரம் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள்.

"தம்பி, சமையக்கட்டு மூலையில எதாவது இடிச்சீங்களா?"

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "வேலை முடிஞ்சிடுச்சுக்கா. இனிமே சத்தம் வராது."

"சத்தத்தைச் சொல்லலப்பா. ஹீட்டர்ல தீ மஞ்சளா எரியுது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தா தலை கல்லா கனக்குது."

"நாள் பூரா ஊசியையே குனிஞ்சு பார்த்தா தலை வலிக்காம என்ன செய்யும்? மொதல்ல கண்ணாடிய மாத்துங்க."

அவள் சிரித்தாள். "அதுவும் சரிதான். திரை ரெண்டு நாள்ல ஆயிடும்னு தங்கச்சிகிட்ட சொல்லுங்க." கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கிப் போனாள். உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூலையைப் பார்த்திருப்பாள். நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கீழ்க்கடைக்காரர் அக்காவின் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூட்டி உடைத்தார். அக்கா மெஷின்மேல் தலை சாய்த்தபடி இருந்தாள். உயிர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. "புகை வெளிய போகாம உள்ளயே சுத்தியிருக்கு" என்று தீயணைப்புக்காரர் படிக்கட்டில் யாரிடமோ சொன்னார். அந்த நிமிஷம் என் உள்ளங்கையில் மறுபடி அந்த வெதுவெதுப்பு ஏறியது. எல்லாம் புரிந்துவிட்டது. நான் உடைத்தது தூண் இல்லை, அக்காவின் ஹீட்டர் புகை மாடிக்குப் போகிற குழல்.

மனைவியிடம் சொன்னேன். முதலில் போய் வாசல் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, "வெளிய மூச்சு விடாதீங்க. செத்தவங்க திரும்பி வரவா போறாங்க?" என்றாள். விசாரிக்க வந்தவர்கள் மொட்டை மாடியில் புகைக்குழலின் வாயைப் பார்த்தார்கள். அது திறந்துதான் இருந்தது. ஹீட்டர் பழசு என்று எழுதிக்கொண்டு போனார்கள். எங்கள் கதவை யாரும் தட்டவில்லை. நான் வாயைத் திறக்கவும் இல்லை. பதினோரு நாள் அப்படியே ஓடியது. என்னைப்போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் அக்காவின் மகள் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் மடித்த திரை.

"மாமா, இது உங்களுதாம். அம்மா மெஷின்லயே இருந்துச்சு. ஒரு ஓரம் மட்டும் பாக்கி வச்சிருந்தாங்க. நான் தைச்சுட்டேன்."

மனைவி வாங்கிக்கொண்டாள்.

"இனிமே நாங்களும் இங்கதான் மாமா. நேத்து புது ஹீட்டர் மாட்டிட்டாங்க. மத்தியானம் ஏத்திவச்சு இவளைக் குளிப்பாட்டணும். ஒரே குளிரு."

அவள் இறங்கிப் போனதும் மனைவி கதவைத் தாழ் போட்டாள். "இப்பவே திறந்துடுங்க. அப்புறம் பழையபடி கட்டிடலாம். யாருக்கும் தெரிய வேணாம்." நானும் சரி என்றுதான் தலையாட்டினேன். இரண்டு பேருமாக ஃப்ரிட்ஜை இழுத்துப் போட்டோம். சத்தமில்லாமல் சிமெண்ட் உடைப்பது எப்படி என்று எந்த வீடியோவிலும் சொல்லித்தரவில்லை. உளிக்குத் துணி சுற்றி அடித்தேன். கூரை ஓட்டை சீக்கிரம் திறந்துகொண்டது. தரைதான் மசியவில்லை. வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அந்தப் பூச்சுதான்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நடுவில் பொத்தல் விழுந்தது. கட்டிகள் தடதடவென்று குழலுக்குள் இறங்கின. கீழே குழந்தை வீறிட்டது. உடனே மகளின் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல் ஓட்டை வழியாக வந்தது.

"யாரு? மேல என்ன பண்றீங்க?"

மனைவி என் தோளைப் பிடித்து அழுத்தினாள். "குப்பை அடைச்சிருந்துச்சு, எடுக்கறோம்னு சொல்லுங்க" என்று காதில் கிசுகிசுத்தாள். பொய் தயாராகத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் போதும்.

நான் மண்டியிட்டு ஓட்டையருகே குனிந்தேன். "அம்மாடி, மாமா பேசறேன். நான் சொல்ற வரைக்கும் ஹீட்டரை ஏத்தாத. இந்த வழியை அடைச்சது நான்தான். உங்கம்மா வந்து கேட்டாங்க. நான் கிண்டல் பண்ணி அனுப்பிட்டேன்."

கீழே ஒரு கதவு திறந்தது. அவள் படியேறி வரும் சத்தம் கேட்டது. மனைவி திரையை முகத்தில் பொத்திக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்துபோய்த் தாழை எடுத்து, அக்காவின் மகள் உள்ளே வருவதற்காக வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன்.