தலைவரின் நடுக்கம்

ரங்கெலுக்கு வந்த நோய் அவருக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. ஆற்றுப் பாலத்துச் சுங்கச் சாவடியில் அதிகாரியாக இருந்த காலம்வரை லாரிக்காரர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றார்கள். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம்தான் இடது கை நடுங்க ஆரம்பித்தது, முகம் இறுகியது, நடை தேய்ந்தது. ஊர் ஆஸ்பத்திரியின் நரம்பு டாக்டர் புரொபசர் குப்ராத், இது பார்க்கின்சன் நோய் என்று சொல்லிவிட்டார். வருஷம் திரும்புவதற்குள் ரங்கெல் ஊர்ப் பார்க்கின்சன் நோயாளிகள் சங்கத்தின் தலைவர். ஏப்ரல் மாதம் பார்க்கின்சன் நாளுக்குச் சங்கம் எடுக்கும் டுலிப் விழாவில் மேடை, பூங்கொத்து, உள்ளூர் டிவி எல்லாம் அவருக்குத்தான். வீட்டில் மனைவி ஸ்த்ராவ்கா சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்ஸாவைத் துண்டு துண்டாக நறுக்கி, ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டாள்.

தலைவராக இருப்பவர் கட்டாயம் நோயாளியாக இருக்க வேண்டும் என்பது சங்க விதி. ரங்கெலே கொண்டுவந்ததுதான். நோயாளிப் பெண் ஒருத்தியின் கணவர் நாற்காலிக்கு அடிபோட்டபோது அவரைக் கழற்றிவிடுவதற்காகச் செய்த வேலை அது. "நடுங்காதவனுக்கு நம்ம கஷ்டம் என்ன தெரியும்?" என்று அன்றைக்குக் கேட்டுக் கைதட்டல் வாங்கியிருந்தார்.

புரொபசர் குப்ராத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நடைபாதையில் காலடிச் சத்தம் கேட்டதும், "பார்க்கின்சன், இடது பக்கம். உட்காரச் சொல்லு" என்று உள்ளிருந்தே நர்ஸுக்குக் குரல் கொடுப்பார். ஊர் இதை ஒரு வித்தையாகவே கொண்டாடியது. வந்தவருக்கு என்ன கோளாறாக இருந்தாலும், அறுபதைத் தாண்டியிருந்தால் ஒரு தலைசுற்றல் மாத்திரையையும் சேர்த்து எழுதுவார். மூளைக்கு ரத்தம் ஓடட்டும் என்பார். அந்த மாத்திரைப் பெட்டி இல்லாத வீடு ஊரில் கிடையாது. ரங்கெல் வீட்டுக்கும் அது முதுகுவலிக்காகப் போன அன்றே, கை நடுங்குவதற்கு முன்பே, வந்துவிட்டது.

இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரிக்கு மூளையைப் படமெடுக்கும் புதுக் கேமரா வந்தது. கூடவே தலைநகர் சோஃபியாவில் படித்த டாக்டர் நெவேனாவும் வந்தாள். பார்க்கின்சன் வந்தால் மூளையின் அடியில் சில செல்கள் செத்துப்போகும், படத்தில் அது தெரிந்துவிடும். வேறு சில நடுக்கங்களில் அந்தச் செல்கள் பத்திரமாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதல் ஆளாக யார் படுப்பது என்று கேட்டபோது, டிவி வருகிறது என்று தெரிந்து, தலைவர் தானாகவே முன்வந்தார்.

காலையில் ஊசி போட்டுக் காக்க வைத்து, மத்தியானம் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். டிவிக்காரர்கள் போன பிறகு நெவேனா கணவன் மனைவி இருவரையும் திரை முன்னால் உட்காரவைத்தாள்.

"ரெண்டு பக்கமும் காற்புள்ளி மாதிரி பளிச்சுன்னு தெரியுது பாருங்க. பார்க்கின்சன்னா வால் அழிஞ்சு வெறும் புள்ளியா நிக்கும். இங்க வால் முழுசா இருக்கு. நல்ல மூளை."

"யாரோட படம்மா இது?" என்றார் ரங்கெல்.

"உங்களோடதுதான்."

"நல்லாத் தேடிப் பாருங்க. எங்கயாவது இருக்கும்."

நெவேனா அவர் சாப்பிடும் மாத்திரைகளைக் கேட்டாள். ஸ்த்ராவ்கா கைப்பையைக் கவிழ்த்தாள். தலைசுற்றல் மாத்திரையை நெவேனா தனியே எடுத்து வைத்தாள்.

"இதுதான் உங்க நோய். மூளையில ஒண்ணும் சாகல, இது போய் வழியை அடைச்சிட்டு நிக்குது. இன்னையோட நிறுத்துங்க. நடுக்கம் போக மாசக்கணக்காகும், ஆனா போயிடும்."

ஸ்த்ராவ்கா சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். இருவரும் பஸ் ஏறினார்கள்.

"ஏப்ரல்ல விழா வருதே," என்றார் ரங்கெல்.

"வந்தா வரட்டும்."

"நான்தானேடி தலைவர்."

"ஏய்யா, உனக்கு வியாதி இல்லன்னு சொல்றாங்க, எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கே," என்றாள் ஸ்த்ராவ்கா.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே."

புரொபசரிடம் மட்டும் அவரே போய்ச் சொன்னார். புரொபசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மெஷினா உன் காலடியக் கேட்டுச்சு? நான் கேட்டேன்யா. விழாவுக்கு வா, அந்தப் பொண்ணுக்கு ஒரு பாடம் நடத்துவோம். மாத்திரைய விட்டுடாதே." ரங்கெலுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனால் ஸ்த்ராவ்கா அதற்குள் மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டிருந்தாள்.

பனிக்காலத்தில் கை மெல்ல மெல்ல அடங்கியது. மார்ச் முதல் தேதி ரங்கெல் வசந்தத்தை வரவேற்கக் கட்டும், சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய மார்த்தெனித்ஸா நூலை மனைவியின் மணிக்கட்டில் தானே முடிச்சுப் போட்டுக் கட்டினார். அவள் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் அன்று மாலையே கண்ணாடி முன்னால் நின்று நடுங்கிப் பழகினார். நாற்காலி ஆசை மனிதனை என்ன பாடு படுத்துகிறது பாருங்கள்.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ரங்கெலும் புரொபசரும். பக்கத்தில் செயலாளர் பிஸெர்கா, தலைவர் தேர்தலில் நின்று நின்று தோற்ற இன்னொரு நோயாளி. ரங்கெல் இடது கையை மடியில் வைத்து நடுங்க ஆரம்பித்தார். யார் முன்னால்? காலையில் கண் விழித்தால் நடுக்கத்தோடு எழுந்து, நடுக்கத்தோடு காப்பி குடிக்கிறவர்கள் முன்னால். பார்க்கின்சன் கை சும்மா இருக்கும்போது ஆடும், ஒன்றை எடுக்கப் போனால் பெரும்பாலும் அடங்கும். இவர் கையோ தம்ளரை எடுக்கும்போதுதான் பேயாட்டம் ஆடியது. நடுவில் புரொபசரின் பேச்சைக் கேட்கிற கவனத்தில் ஆட்டம் வலது கைக்குப் போய்விட்டது.

"தலைவரே, பக்கம் மாறிடுச்சு," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது.

புரொபசர் அந்தச் சிரிப்பைத் தனக்கு வந்த பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். "இந்தக் கையப் பாருங்க. மெஷின் இவருக்கு நோயே இல்லங்குது. இது நோய் இல்லாத கையா? முன்னவிட மோசமாயிருக்கு. தலைசுற்றல் மாத்திரைய ரெண்டாக் கூட்டணும். நீங்களும் யாரும் நிறுத்திடாதீங்க."

முன்வரிசையில் இருந்த சோன்ச்சோ, பாலத்தில் ரங்கெலோடு வேலை பார்த்தவர், புரொபசர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பையைத் திறந்தார். அதே பெட்டி. மாத்திரையை நாக்கில் வைக்கப் போனார்.

ரங்கெலின் கை நின்றுவிட்டது.

"சோன்ச்சோ, அத முழுங்காதே."

அவர் எழுந்து நின்று, இடது கையாலேயே கோட்டுப் பொத்தான்களை எல்லாம் கழற்றினார். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டார். அந்த ஒரு பொத்தானுக்காக எத்தனை நாள் காலையில் அழுதிருப்பார்கள் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள்.

"நான் நடிச்சேன். எனக்கு வந்தது அந்த மாத்திரையால வந்தது. விட்டேன், போயிடுச்சு. எல்லாருக்கும் அப்படின்னு சொல்லல. போய்ப் படம் எடுத்துப் பாருங்க, டாக்டர் பொண்ணு சொல்லுவா."

கைப்பைகள் திறக்கும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. புரொபசர் நாற்காலிக்கு அடியில் குனிந்து தலையிலேயே இருந்த தொப்பியைத் தேடினார்.

பிஸெர்கா மட்டும் பையைத் திறக்கவில்லை.

"உன் விரல் அடங்குறத குளிர்காலத்துலயே பார்த்துட்டேன் ரங்கெல்," என்றாள். "நானும் அந்த மாத்திரைதானே சாப்பிடுறேன். ஆசைப்பட்டுப் போய்ப் படம் எடுத்தேன். எனக்கு வால் இல்ல. வெறும் புள்ளி."

தன் நல்ல கையை எங்கே வைத்துக்கொள்வது என்று ரங்கெலுக்குத் தெரியவில்லை.

"விதி நீ போட்டதுதானே. எந்திரி."

அவர் நாற்காலியை விட்டு விலகினார். அவள் உட்கார்ந்தாள். மைக்கை எடுத்து வாயருகே பிடித்ததும் நடுக்கம் திரும்பி, அது பல்லில் இடித்தது. சட்டென்று அதை அவரிடம் நீட்டினாள்.

"இதப் பிடி," என்றாள் பிஸெர்கா. "ஆடாமப் பிடி."