பூ போட்டுப் பார்த்த கிணறு

துரைக்கண்ணு மேஸ்திரிக்குச் சண்டை என்றாலே குலை நடுங்கும். போன வருஷம் பள்ளிப்பட்டில் ஒரு வாய்த்தகராறில் அவருடைய கிணறு வெட்டும் கோஷ்டி உடைந்து, பாதிக் கிணற்றோடு திருத்தணிக்குத் திரும்பிய அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. மிச்சம் நின்றவர்கள் சத்தாரும் ஜம்புலிங்கமும்தான். அவர்களும் ஆளுக்கொரு திக்கு!

ஆகையால் ஓர் ஏற்பாடு செய்தார். அபிப்பிராயம் வேறுபட்டால் வாயைத் திறக்கக் கூடாது. சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று, இலையில் தனித்தனியே மடித்து முருகன் மலையைப் பார்த்துப் போட வேண்டும். வழியில் போகிறவர் யாராவது ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அதன்படி எல்லோரும் நடக்க வேண்டும், தோற்றவனும் முகம் சுளிக்காமல்.

மகா சௌகரியம்! எந்தப் பக்கம் வெட்டுவது, எப்போது நிறுத்துவது, எல்லாவற்றையும் பூவே தீர்த்து வைத்தது. சத்தார்கூட, "உங்க முருகன் சொல்லிட்டா சரிதான் மேஸ்திரி" என்று சிரித்துக்கொண்டே இறங்குவான். மேஸ்திரி பாடு நிம்மதி.

நாற்பத்தேழாம் வருஷக் கோடையில், நெசவாளர் தெருவுக்காக வெட்டிய கிணற்றில் ஈரம் தட்டியது. கூடவே கிழக்குச் சுவர் உதிர ஆரம்பித்தது.

"மண்ணு உதுந்துகினே கீது. மொதல்ல பனங்கட்டை வெச்சு முட்டுக் குடுக்கணும்" என்றான் சத்தார்.

"தெருவே குடத்தோட நிக்குது. இப்ப போயி கட்டை தேடிகினு இருப்பியா?" என்று குதித்தான் ஜம்புலிங்கம்.

இருவரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். சத்தார் சொல்வதுதான் சரியென்று அவருக்குப் பட்டது. அதைச் சொன்னால் ஜம்புலிங்கம் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். பாழும் பயம்!

"பூவைப் போடுங்கப்பா. சிவப்பு வந்தா வெட்டு, வெள்ளை வந்தா முட்டு."

குடத்தோடு நின்ற பூவம்மாள் எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு.

அன்று இறங்கும் முறை சத்தாருடையது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். உச்சிவேளைக்குள் சுவர் சரிந்தது. பொழுது சாய்வதற்குள் அவனை வெளியே எடுத்தார்கள், உயிர் இல்லை. ஜம்புலிங்கம் யாரிடமும் சொல்லாமல் அரக்கோணத்துக்கு ரயிலேறிவிட்டான். தெரு ஜனம் பழையபடி தண்ணீருக்கு ஏரிப் பள்ளத்துக்கு நடந்தது.

அடக்கம் முடிந்தபின் மேஸ்திரி துக்கம் கேட்கப் போனார். சத்தாரின் மனைவி ரஹிமுன்னிசா கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"அண்ணா, முட்டுக் குடுக்கணும்னு அவுரு சொன்னாராமே. உங்களுக்கு இன்னா தோணிச்சு?"

"பூ அப்டி வந்துடுச்சும்மா."

"பூவைக் கேக்கலண்ணா. உங்களத்தான் கேக்கறேன்."

உண்மையைச் சொல்ல அவருக்கு அப்போதும் தைரியம் வரவில்லை. திரைக்குப் பின்னால் அவள் காத்திருந்தாள். மேஸ்திரி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.