தலையாட்டாத இரண்டு நிமிஷம்

ஸ்கேன் அறைக்குள் போகுமுன் தையல்காரரின் சட்டையிலிருந்து உருவிய குண்டூசிகளை வைத்து ஒரு ஆலையே தொடங்கியிருக்கலாம். அவர் மனைவி, ரிட்டயர்டு பஸ் கண்டக்டரம்மா, அத்தனையையும் மடியில் வாங்கிக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

போன வருஷம் அவருக்கு மூளையில் கட்டி எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்திருந்தார்கள். இப்போது அதே இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. திங்கட்கிழமை மறுபடி மண்டையைத் திறக்க நாள் குறித்தாயிற்று.

"கட்டி திரும்ப வளர்ந்திருக்கலாம், இல்ல கதிர்வீச்சு சுட்ட புண்ணா இருக்கலாம்," என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். "சாதாரணப் படத்துல ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி. ஆனா கட்டி பேராசை பிடிச்சது, ரத்தத்தை இழுக்கும். வெந்த இடம் இழுக்காது. மருந்து ஏத்தி ரத்த ஓட்டத்தைப் பாத்துட்டா தெரிஞ்சிடும்."

"அப்ப பாரேன்டி கண்ணு!"

"எங்கம்மா? மருந்து ஏத்தாம எடுத்துப் பாத்த வெள்ளோட்டம் ரெண்டும் கலங்கிப் போச்சு. ஐயா தலை அசையுது. மருந்து ஒரு தடவைதான் ஏத்துவேன். அந்த ரெண்டு நிமிஷத்துல அசைஞ்சா படம் குப்பை." மைக்கில் குனிந்தாள். "ஐயா, சௌகரியமா இருக்கீங்களா?"

திரையில் தையல்காரரின் மூக்கு மேலும் கீழும் போய்வந்தது.

கண்டக்டரம்மாவுக்குச் சுரீரென்று உறைத்தது. முப்பத்தாறு வருஷம் வாயில் அரைக் கிலோ குண்டூசியைக் கவ்விக்கொண்டே காலம் தள்ளிய மனுஷன். கை நீளம் போதுமா, நாளைக்குக் கிடைக்குமா, எவன் எதைக் கேட்டாலும் தலைதான் பதில். 'என்னைக் கட்டிக்கிறியா' என்று இவள் கேட்டபோதும் தலைதான் ஆடியது.

"நீ கேக்குற, அவரு ஆட்டுறாரு. உன் மரியாதைதான்டி கெடுக்குது. மைக்கை இப்படிக் குடு!"

பிடுங்கிக்கொண்டாள். "ஏங்க! இனிமே யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. தலை ஒரு நூல் அசைஞ்சுது, கடைச் சாவி என் கையில. ஆயுசுக்கும் ஒரு சட்டைக்குக் காஜா எடுக்க முடியாது, ஆமா!"

எந்திரம் ஆயிரம் கொல்லர்களைக் குடத்துக்குள் அடைத்ததுபோல் தடதடத்தது. மருந்து ஏறியது. இரண்டு நிமிஷமா அது, இரண்டு யுகம்! மலைகூட அன்றைக்கு அவரைவிடக் கொஞ்சம் ஆடியிருக்கும்.

வண்ணப் படம் விரிந்தது. மூளையெங்கும் சிவப்பும் மஞ்சளும் பச்சையும். திட்டு இருந்த இடத்தில் மட்டும் கறுநீலம்.

ஸ்கேன் டாக்டர் வந்து மூன்று முறை பார்த்துவிட்டு, சர்ஜனுக்குப் போன் போட்டார். "ரத்தமே இழுக்கல சார். கதிர்வீச்சுப் புண்ணுதான். கத்தி வேண்டாம். மாத்திரை குடுத்து ரெண்டு மாசத்துல மறுபடி பாக்கலாம்." போனை வைத்துத் திரும்பினார். "இவ்வளவு சுத்தமான படமா! யாரும்மா அசையாம வெச்சது?"

கண்டக்டரம்மா எழுந்து நின்றாள். அரசாங்கம் பதக்கம் குத்த வந்தால்கூட அப்படி நிமிர்ந்திருக்க மாட்டாள். "நான்தான்," என்றாள். உடனே தங்கைக்குப் போன்.

"அடியே, உன் மாமா மண்டையில ஒரு இடத்துல ரத்தமே ஓடலையாம்டி!"

அந்தப் பக்கம் தங்கை 'ஐயய்யோ' என்று அலற ஆரம்பித்தாள்.

"அழாதடி கழுதை! அதுதான் நல்ல சேதி!"