நேராக நின்ற தண்டு

கடைசல் லேத்திலிருந்து கழற்றும்வரை தண்டு நேராகத்தான் நின்றது. இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்திருந்தால் எந்த இரும்பும் நல்ல பிள்ளைதான். கழற்றி, சமதளமான மேசையில் உருட்டினேன். நடுவில், தண்டுக்கும் மேசைக்கும் இடையில், மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. உருட்ட உருட்ட அது கூடிக் குறைந்தது. தண்டு வளைந்திருந்தது.

குருநகர்ச் சுஜீவனின் படகில் ப்ரொப்பெல்லரைச் சுழற்றுகிற தண்டு அது. தேய்ந்த தோலைச் சீவக் கொண்டுவந்திருந்தான். புதுசு கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை செல்லும். அதற்குள் அவனுடைய ஆட்கள் வேறு படகுக்குப் போய்விடுவார்கள். நாளைக்கு விடியக் கடலுக்குப் போயே ஆகவேண்டும் என்று மத்தியானம் முழுக்க என் பக்கத்திலேயே நின்றான். அவனுடைய மாமனார் நவரட்ணம் வாசல் கதிரையில் பூசைக்கு வந்தவர் மாதிரி கைகட்டி இருந்தார்.

கடையும்போதே எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு சாண் தள்ளி, மூன்று இடத்தில் சீவுகிற டூல் கீச்சிட்டது. மூன்றாவதில் டூலின் முனை தெறித்து என் கண்ணாடியில் பட்டது. நல்ல தண்டு இப்படி அங்கங்கே மட்டும் இறுகிக் கிடக்காது. சுத்தியல் விழுந்த இடம்தான் அப்படி இறுகும். வளைந்ததைச் சூடாக்காமல் அடித்து நிமிர்த்தினால் வெளியே நேராகும். உள்ளே ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் தள்ள, இரண்டும் மல்லுக்கட்டிக்கொண்டே கிடக்கும். மேல்தோலைச் சீவினால் அந்தப் பிடி விட்டுப்போகும், தண்டு பழைய வளைவுக்கே போய்விடும். இதையெல்லாம் தொடங்க முன் கேட்டிருக்க வேண்டிய மடையன் நான்.

“சுஜீவன், உந்தத் தண்டை ஆரும் அடிச்சு நிமித்தினதோ?”

“மாதாவாணை இல்லையண்ணை. ஒருத்தரும் தொடேல்லை.”

கதிரை கிரீச்சிட்டது.

“நான்தான் தம்பி,” என்றார் நவரட்ணம், மருமகனைப் பார்த்து. “நீர் ஞாயிறு பூசைக்குப் போன நேரம். கொஞ்சம் வளைஞ்சு கிடந்தது. பனங்குத்தியிலை வைச்சு மூண்டு அடி. கண்ணுக்கு நேராத்தானே வந்தது…”

மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில், மருமகனின் உழைப்பில் சாப்பிடுகிற மனுசன். கடலுக்குப் போக உடம்பு விடவில்லை. ஏதாவது ஒன்றைச் செய்துவைக்க நினைத்திருக்கிறார். சுஜீவன் ஏசுவான் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எங்கள் மூவருக்கும் சுகமாக இருந்திருக்கும்.

“நிமித்தித் தாங்கோ அண்ணை.”

“நிமித்தலாம். ஓட ஓடத் திரும்ப வளையும். உதறினால் தண்டு வெளியாலை போற துளையாலை படகுக்குள்ளை தண்ணி வரும். நாலு பேர் போறியள்.”

“நிமித்தித் தாங்கோ.”

முழுத் தண்டையும் சூடாக்கி, நாள் முழுக்க ஆறவிட என்னிடம் உலை இல்லை. மாட்டேன் என்றால் அடுத்த சந்தியில் யாரோ செய்வார்கள். அங்கே சுஜீவன் உண்மையைச் சொல்லவும் மாட்டான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யாரில் என்றுதான் தெரியவில்லை. தண்டை அழுத்துப் பொறியில் வைத்து நெரித்தேன். வளைவைக் காட்டுகிற அளவுமுள் சுழியத்துக்கு வந்து நின்றது. என் ஆயுளில் ஒரு சுழியத்தை இவ்வளவு வெறுத்ததில்லை.

ஓட்டோ வந்தது. தண்டின் நடுப்பகுதியைச் சுஜீவன் மடியில் வாங்கினான். ஒரு முனை, பக்கத்தில் ஏறி இருந்த நவரட்ணத்தின் புறமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“விடிய நானும் படகிலை வாறன் தம்பி,” என்றார் நவரட்ணம்.

“இறுக்கிப் பிடியுங்கோ மாமா,” என்றான் அவன்.

வாசல் பள்ளத்தில் ஓட்டோ தூக்கிப்போட்டது. கிழவர் வெளியே சரிந்து, நீட்டிக்கொண்டிருந்த முனையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வீதி திரும்பும்வரை அந்தக் கைகள் தெரிந்தன.